சுடுபாறையும் புங்கமரமும்

கிட்ட வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட. சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். வாயில் முறுக்கு வைத்திருப்பவர்கள் சீக்கிரம் மென்று விழுங்கிவிடுங்கள். இந்தக் கதையில் எனக்கே இரண்டு மூன்று இடங்களில் கோபம் வரும். அந்த நேரத்தில் கறுக் மொறுக் என்று சத்தம் கேட்டால், கோபம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில் மணிக்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்குக் குன்றெறிந்தான் என்று பெயர். குன்றை எறிந்தானோ, கூழாங்கல்லை எறிந்தானோ, யார் கண்டது? பட்டம் அப்படி.

அவனுக்கு ஓர் ஆசை. கோட்டைக்கு வெளியே கடல் மாதிரி ஓர் ஏரி வெட்ட வேண்டும். நல்ல ஆசைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏரிக்குக் கரை வேண்டும், கரைக்குக் கல் வேண்டும், கல்லைச் சுமக்கத் தோள் வேண்டும். கோட்டைக்காரர்கள் கொஞ்ச நாள் சுமந்தார்கள். அப்புறம் தோள் வலிக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது, மச்சான் வீட்டில் கல்யாணம் என்று ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ராஜா படையை மேற்கு மலைக்கு அனுப்பினான். அங்கே தினை விதைத்து, தேன் எடுத்து, தங்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்த மலைக்காரர்களை ஆணும் பெண்ணும் குழந்தையுமாகக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டு வந்தார்கள். தோளில் கல்லை ஏற்றினார்கள். ஏன் என்று கேட்க நாதியில்லை.

கோட்டைக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் ஒரு மலைக்காரப் பெண் சுருண்டு விழுந்ததைப் பார்த்த அன்று, பல வீடுகளில் சோறு இறங்கவில்லை. சிலர் மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். “இது அடுக்குமா?” என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு ராஜாவின் காதுக்குப் போயிற்று.

ராஜா அரண்மனைப் பண்டிதரைக் கூப்பிட்டான்.

“கல்லும் சுமந்தாக வேண்டும், ஊர் வாயும் அடங்க வேண்டும். ஏதாவது சொல்லும், பண்டிதரே.”

பண்டிதர் யோசித்தார். மலைக்காரர்களைப் போய்ப் பார்த்தாரா? ஒரு வார்த்தை பேசினாரா? சே சே, வெளியே வெயில் அடிக்கிறதே! உட்கார்ந்த இடத்திலேயே யோசித்து, மறுநாள் சபையில் எழுந்து சொன்னார்.

“படைத்தவன் நம்மை ஆற்று வண்டலில் பிசைந்தான். மலைக்காரர்களைச் சூளை மண்ணில் பிசைந்தான். ஏற்கெனவே சுட்ட மண் அது. அவர்களுக்கு வெயில் உறைக்காது.”

“அட, அப்படியா சங்கதி!” என்று ஊர் பெருமூச்சு விட்டது. சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. மோர் கொடுப்பது நின்றுபோயிற்று.

நன்றாகக் கவனியுங்கள். கயிறுதான் முதலில் வந்தது. காரணம் அப்புறம் வந்தது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும், காரணம் ஆதியிலிருந்தே இருந்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

ஏரி கட்டி முடிந்தது. மலைக்காரர்களை விட்டுவிட்டார்களா? ஊஹூம். கோட்டைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்கச் சுகமாக இருந்தது. ஏரிக்குப் பிறகு மதில், மதிலுக்குப் பிறகு சாலை, சாலையின் இரண்டு பக்கமும் புங்கமரம். குழி வெட்டியது மலைக்காரர்கள். தண்ணீர் ஊற்றியது மலைக்காரர்கள். மரம் வளர்ந்து குளுகுளுவென்று நிழல் விழுந்ததும், பண்டிதரின் மகன் சபையில் எழுந்தார். இப்போது அவர்தான் பண்டிதர்.

“சுட்ட மண்ணை நிழலில் வைத்தால் ஊறிப்போகும். நிழல்பட்டால் மலைக்காரர்களுக்கு நோய் வரும். அவர்கள் நன்மைக்காகவே சொல்கிறேன், நிழலில் நிற்க விடாதீர்கள்.”

நன்மைக்காகவாம்! எனக்கு வருகிறது பாருங்கள் கோபம்.

அன்று முதல் ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் உச்சி வேளையில் காவலர்கள் சுண்ணாம்புக் குடத்தோடு வந்து, மரத்தின் நிழல் விழுந்த இடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவார்கள். கோட்டுக்கு உள்ளே கோட்டைக்காரர்கள். வெளியே மலைக்காரர்கள்.

அந்த மகனுக்கும் ஒரு மகன் பிறந்தார். பெயர் உத்தமசீலர். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அவர் பண்டிதரானதும் தாத்தாவையும் அப்பாவையும் மிஞ்சினார்.

“மலைக்காரர்கள் மேல் நிழல் பட்டால் மரத்துக்கே ஆகாது. மரம் பட்டுப்போகும்!”

பார்த்தீர்களா? வெயில் உறைக்காது என்றார் முதலாமவர். நிழல் ஆகாது என்றார் இரண்டாமவர். மரத்துக்கே ஆகாது என்றார் மூன்றாமவர். காரணம் மாறிக்கொண்டே வந்தது. மலைக்காரர்கள் நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

யாராவது மயங்கி விழுந்தால், “சோம்பேறி, நடிக்கிறான்” என்றார்கள். யாராவது செத்தால், “திருட்டுத்தனமாக நிழலில் நின்றிருப்பான்” என்றார்கள். எப்படிப் போனாலும் பண்டிதர் வீட்டுப் பேச்சுதான் ஜெயித்தது. கொடுமை என்னவென்றால், மலைக்காரத் தாய்மார்களே தங்கள் பிள்ளை நிழல் பக்கம் தவழ்ந்து போனால் பதறிப்போய் இழுத்துக்கொண்டார்கள். பயந்து பயந்து அவர்களுக்கும் அது பழகிப்போயிற்று.

இப்போது புங்கமரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேனில் தொடங்கும்போது அது இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து நிற்கும். அப்புறம் பளபளவென்று துளிர்க்கும். வருடா வருடம் அதன் சுபாவம் அதுதான். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மணிக்கோட்டைக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

இலை உதிரத் தொடங்கியதும் ஊர் கொதிக்கும். “எந்த மலைக்காரன் நிழலில் நின்றான்?” என்று தேடும். தேடினால் யாராவது ஒருவர் கிடைக்காமலா போவார்? அவரைக் கொண்டுபோய்ச் சுடுபாறையில் உட்கார வைப்பார்கள். கோட்டைக்குத் தெற்கே இருந்த கருங்கல் பாறை அது. அதில் காலை முதல் பொழுது சாயும்வரை, பகலெல்லாம் உட்கார வேண்டும். அப்போதுதான் வாங்கின நிழல் உடம்பைவிட்டுப் போகுமாம். திரும்பி எழுந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பிறகு மரம் துளிர்க்கும்.

“பார்த்தீர்களா! தண்டித்தோம், துளிர்த்தது!” என்பார் உத்தமசீலர். ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அப்போது மணிக்கோட்டையை ஆண்டவள் குன்றெறிந்தானின் பேத்தி, அரசி நீலமங்கை. அவள் மட்டும் என்ன, பெரிய உத்தமியா? அவளும் ஒவ்வொரு வேனிலிலும் சுடுபாறைத் தண்டனைக்குத் தலையாட்டியவள்தான். மரம் நன்றாக இருக்க வேண்டுமே என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

அந்த வருட வேனிலும் வந்தது. கோட்டை வாசலில் நின்ற பெரிய புங்கமரம் இலை உதிர்க்கத் தொடங்கியது. ஊர் தேடத் தொடங்கியது. ஒரு காவலன், கல் சுமக்கும் தினைச்சி என்ற மலைக்காரப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தான். அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மின்னி என்று பெயர்.

அந்த வாசல் மரத்தடியில்தான் சபை கூடியது. பொழுது சாயத் தொடங்கிய நேரம். அரசி உட்கார்ந்திருந்தாள். உத்தமசீலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலைக்காரர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.

“நிழலில் கிடந்தது இந்தக் குழந்தைதான். என் கண்ணால் பார்த்தேன்” என்றான் காவலன்.

“ஏனம்மா, கோடு போட்டிருந்தது தெரியவில்லையா?” என்று அரசி கேட்டாள்.

“தெரிஞ்சுது தாயே. கோட்டுக்கு வெளியேதான் துணி விரிச்சுப் பிள்ளையைப் போட்டேன். போட்டுட்டுக் கல்லு சுமக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா, பிள்ளை போட்ட இடத்துலதான் கிடக்குது, நிழலு அதுமேல விழுந்து கிடக்குது.” தினைச்சி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். “எம் பிள்ளை நிழலுகிட்டப் போகலை தாயே. நிழலுதான் எம் பிள்ளைகிட்ட வந்துச்சு. வராதேன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?”

கூட்டத்தில் எவனோ களுக்கென்று சிரித்துவிட்டான். அரசி அப்போதுதான் கீழே பார்த்தாள். உச்சி வேளையில் போட்ட கோடு போட்டபடி இருந்தது. நிழல் கோட்டைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்து, வெளியே நின்ற மலைக்காரர்களின் காலடியில் விழுந்திருந்தது. கோட்டுக்கு உள்ளே இருந்த உத்தமசீலரின் வழுக்கைத் தலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் விசிறியால் தலையை மறைத்துக்கொண்டு பேசினார்.

“எப்படி வந்தால் என்ன? பட்டது பட்டதுதான். இலை உதிர்வது பொய்யா? குழந்தையைச் சுடுபாறையில் வையுங்கள்.”

தினைச்சி மண்ணில் விழுந்தாள்.

“பிள்ளைக்குப் பதிலா என்னை வையுங்க! போன வேனில்ல எம் புருசன் மூங்கனை வெச்சீங்க, கட்டையாத்தான் தூக்கிட்டு வந்தோம். நானும் போறேன். இந்தப் பச்சப்புள்ளையை விட்டுடுங்க தாயே!”

“நிழலை வாங்கியது குழந்தை. குழந்தைதான் உட்கார வேண்டும்” என்றார் பண்டிதர். கூட்டமும் அதையே சொன்னது.

அரசி குழந்தையைப் பார்த்தாள். அது தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. அரசி பண்டிதர் பக்கம் திரும்பினாள்.

“பண்டிதரே, தண்டித்த பிறகு மரம் துளிர்க்கிறதா?”

“தவறாமல் துளிர்க்கிறது, தாயே.”

“தண்டித்ததால்தான் துளிர்க்கிறதா?”

“அதிலென்ன சந்தேகம்?”

“சரி. தண்டிக்காமல் விட்டு யாராவது பார்த்திருக்கிறார்களா?”

 உத்தமசீலர் விசிறியைக் கீழே இறக்கினார்.

“அந்த விபரீதத்துக்கு யாருக்குத் துணிச்சல் வரும், தாயே? மரமெல்லாம் பட்டுப்போனால்?”

“எனக்கு வருகிறது” என்றாள் அரசி. “இந்த ஒரு வேனில் யாரையும் தண்டிக்காமல் பார்ப்போம். தாயும் பிள்ளையும் இந்த மரத்தடியிலேயே இருக்கட்டும். நிழல்பட்டால் நோய் வரும் என்றார் உங்கள் அப்பா, அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம். மரம் பட்டுப்போனால் அந்தப் பாறையில் நான் உட்காருகிறேன்.”

ஊர் அதிர்ந்துபோயிற்று. சொல்லிவிட்டாளே தவிர, அரசிக்கும் உள்ளுக்குள் உதறல்தான். பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அல்லவா? அது லேசில் விடுமா? தினமும் விடிந்ததும் விடியாததுமாக வந்து கிளைகளை அண்ணாந்து பார்ப்பாள். இலை உதிர்ந்துகொண்டே இருந்தது.

தினைச்சி மட்டும் நிம்மதியாக இருந்தாளா என்ன? மரத்தடியில் உட்காரவே அவள் பயந்தாள். பிள்ளைக்கு நோய் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மின்னி பால் குடித்தாள், தூங்கினாள், உதிர்ந்த சருகைப் பிடித்து வாயில் திணித்தாள். கன்னம்தான் உப்பியது. வேறொன்றும் ஆகவில்லை.

பாதி இலை உதிர்ந்தபோது ஊர் முதல் தடவை வாசலுக்கு வந்தது. தயங்கித் தயங்கி முணுமுணுத்தது. “பொறுங்கள்” என்றாள் அரசி.

முக்கால்வாசி உதிர்ந்தபோது இரண்டாம் தடவை வந்தது. கத்தியது. மோர் விற்கும் அமுதி என்ற பெண்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். “எங்க நிழலையெல்லாம் கொல்லப் பார்க்கிறீங்களா அரசியம்மா? எம் பிள்ளைகள் எங்கே போய் நிற்கும்?” அரசி மறுபடியும் “பொறுங்கள்” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கடைசி இலையும் விழுந்தது. மரம் மொட்டையாக நின்றது. ஊர் மூன்றாம் தடவை வந்தது. இந்தத் தடவை கையில் கயிறு இருந்தது. முன்னால் உத்தமசீலர் நடந்து வந்தார்.

தினைச்சி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு அடிமரத்தில் ஒண்டினாள். காவலர்கள் அரசியைப் பார்த்தார்கள். அரசி என்ன செய்வாள்? பொறுங்கள் என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை. அவள் எழுந்து வந்து, தினைச்சிக்கும் கயிற்றுக்கும் நடுவில் நின்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

“மரம் செத்துவிட்டது!” என்று உத்தமசீலர் முழங்கினார். “இனி என்ன சாட்சி வேண்டும்? இதோ, எல்லாரும் பாருங்கள், காய்ந்த விறகு!”

தாழ்ந்திருந்த ஒரு கிளையை எட்டிப் பிடித்தார். அதன் நுனியைப் படக்கென்று ஒடித்துக் காட்டப் போனார். அது ஒடியவில்லை. வளைந்தது. முறுக்கினார், நார் நாராகக் கிழிந்து கையோடு வந்தது. கையைப் பார்த்தவர் சட்டென்று விரல்களை மூடிக்கொண்டார்.

“என்ன அது?” என்றாள் அரசி.

“ஒன்றுமில்லை தாயே. வெறும் சுள்ளி.”

“கையை விரியுங்கள்.”

“சுள்ளிதான் தாயே, இதிலென்ன பார்க்க?”

அந்த அமுதி இருக்கிறாளே, மோர்க்காரி, அவள் பண்டிதருக்குப் பக்கத்திலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே பொறுக்கவில்லை. “சுள்ளிக்கு எதுக்குய்யா இந்த இறுக்கு?” என்று கேட்டுக்கொண்டே, அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளே ஒரு துளிர். பிறந்த குழந்தையின் காது மாதிரி, சிவப்பாக, மடிந்து, மெதுமெதுவென்று இருந்தது.

அமுதி அண்ணாந்து பார்த்தாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எல்லாரும் மொட்டை என்று நினைத்த மரம் கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி சிவந்துகொண்டிருந்தது. யாரையும் சுடுபாறையில் வைக்கவில்லை. யாரும் சாகவில்லை. மரம் தன் பாட்டுக்குத் துளிர்த்துக்கொண்டிருந்தது.

அரசி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், இன்னொருவன் அழுதான். யார் எதற்குச் செய்தார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அமுதி கயிற்றைத் தூக்கி எறிந்தாள்.

தினைச்சியும் சிரித்தாள். பிள்ளையை முத்தமிட்டு முத்தமிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று மரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அப்போ போன வருசமும் இது தானாத் துளிர்த்திருக்குமே” என்றாள். “எம் மூங்கனை விட்டிருந்தாலும் துளிர்த்திருக்குமே.”

  அரசி தலையைக் குனிந்துகொண்டாள். கோட்டைக்காரர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்துக்கொண்டு நின்ற வேனில்களை நினைத்தார்கள். சுடுபாறைக்குப் போனவர்களின் முகங்களை நினைத்தார்கள். அந்தக் கணக்கு அவர்களை விடாது, விடவும் கூடாது.

ஆனால் ஒன்று நடந்தது. அரசியும் ஊருமாகக் கடப்பாரையோடு தெற்கே போனார்கள். சுடுபாறையை உடைத்துத் தூள் தூளாக்கினார்கள். அந்தத் தடவை கல்லைச் சுமந்தவர்கள் கோட்டைக்காரர்கள். மலையேறிப் போக நினைத்த மலைக்காரர்களைத் தடுக்க ஆளில்லை. இருக்க நினைத்தவர்களைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தவும் ஆளில்லை. கோடே இல்லையே!

உத்தமசீலர் சும்மா இருந்தாரா? நல்ல கதை! அடுத்த சபையிலேயே தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாசல் மரம் கொஞ்சம் விசேஷமான ஜாதி மரம். மற்ற மரங்களைப் பொறுத்தவரை மலைக்காரர்கள்...”

அவர் முடிக்கவில்லை. சபை விழுந்து விழுந்து சிரித்தது. காவலன் சிரித்தான், அமுதி சிரித்தாள், கடைசியில் பண்டிதரின் சொந்தச் சம்சாரமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று தலைமுறையாக ஊரை நடுங்க வைத்த பேச்சுக்கு அன்று யாரும் நடுங்கவில்லை. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மலைக்காரக் கிழவர்கள் சிலர் நிழலுக்குள் காலை வைக்கவே வெகுநாள் கூசினார்கள். கோட்டைக்காரர்கள் சிலர் அவர்கள் வந்து உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பழகத்தான் வேண்டும், இரண்டு பக்கமும்.

தினைச்சிக்கு மட்டும் ஒரு மத்தியானம் கண்ணை இழுத்துக்கொண்டு போனது. துளிரெல்லாம் இலையாகி, புங்கைப் பூ உதிர்ந்து கிடந்த சமயம். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மரத்தில் சாய்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். வாழ்நாளில் அவள் தூங்கிய முதல் மத்தியானத் தூக்கம் அது. மின்னியும் வாயில் பால் வழியத் தூங்கினாள். சந்தைக்குப் போனவர்கள், வண்டி ஓட்டி வந்தவர்கள், அரசியும்கூட, அந்த இடம் வந்ததும் சத்தம் போடாமல் மெல்ல நடந்து போனார்கள். வெயில் தாழும்வரை அவளை யாரும் எழுப்பவில்லை.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, ஒரு சனத்தைத் தாழ்த்தி வைக்க எவன் என்ன காரணம் சொன்னாலும், முதலில் தாழ்த்துவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அந்தக் காரணம் பொய் என்பது தானே தெரிந்துவிடும்.